வாய்தாவுக்குத் துணை: குடும்ப வன்முறை வழக்குகளில் உடன் நிற்க வருபவர்களுக்கு

எங்களிடம் புதிதாகச் சேருபவர்கள் முதல் வாரத்தில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "அக்கா, நான் எந்தச் சட்டத்தைப் படிக்கணும்?" சட்டமும் படிக்க வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கோர்ட்டில் பெண்கள் கழிப்பறை எந்தப் பக்கம் இருக்கிறது, அது பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் மாமியார் வீட்டு ஆட்கள் நிற்கும் நடையைத் தாண்ட வேண்டும் என்று பயந்து, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த பெண், மத்தியானம் மூன்று மணிக்குப் பெயர் கூப்பிட்டபோது கூண்டின் படியிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். வழக்கு இரண்டு மாதம் தள்ளிப் போனது. நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை.

வீட்டில் அடிபட்டு, துணிந்து புகார் கொடுத்து, குற்றவியல் நீதிமன்றம் வரை வந்துவிட்ட பெண்ணுக்குத் துணையாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்ததை மட்டும். பிரிட்டனில் இந்த வேலைக்கு 'ஐட்வா' (சுதந்திரமான குடும்ப வன்முறை அட்வகேட்) என்று தனிப் பணியிடமே உண்டு, அதற்கென்று பயிற்சி, சான்றிதழ் எல்லாம் இருக்கிறது. இங்கே போக்சோ வழக்கில் குழந்தைக்கு ஆதரவு நபர் என்று விதியிலேயே இருக்கிறது. வயது வந்த பெண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை. யாராவது கூட வந்தால் உண்டு.

நீங்கள் யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

அட்வகேட் என்றால் நம் ஊரில் வக்கீல். நீங்கள் வக்கீல் இல்லை, வாதாட முடியாது. கவுன்சலர் இல்லை. பஞ்சாயத்துப் பேச வந்த பெரியவரும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே தெரியாத ஒன்று கோர்ட்டில் நடக்கக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. இன்று என்ன நடக்கும், யார் யார் இருப்பார்கள், எங்கே நிற்க வேண்டும், அடுத்து என்ன, இதையெல்லாம் அவருக்குப் புரிகிற மொழியில் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். புகார் கொடுப்பதா, சேர்ந்து வாழ்வதா, வழக்கை நடத்துவதா என்ற முடிவெல்லாம் அவருடையது. "நானா இருந்தா…" என்று வாய் வந்தால் கடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள், நிறைய பேர் சொல்வதில்லை. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதை வெளியே சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நம்மிடம் சொல்வதற்கு அது கிடையாது. உங்கள் டைரியைக் கோர்ட் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். அதனால் குறிப்பு எழுதும்போது தேதி, இடம், நடந்தது, இவ்வளவு போதும். "பாவம், ரொம்பக் குழப்பத்தில் இருக்கிறார், எதையும் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை" என்று நீங்கள் அக்கறையில் எழுதிய ஒரு வரி நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கையில் கிடைத்த அல்வா.

அப்புறம், காயத்தோடு அவர் வந்த இரவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நீங்கள் என்றால் போலீஸ் உங்களையும் சாட்சிப் பட்டியலில் சேர்க்கலாம். சாட்சியாக இருப்பவர் தன் முறை வரும்வரை கோர்ட் அறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். ஆகவே ஒரு பெண்ணுக்கு இரண்டு பேராவது பழகியிருக்க வேண்டும்: ஒருவர் ஆஸ்பத்திரி, ஸ்டேஷனுக்கு, இன்னொருவர் விசாரணைக்கு. இதை யோசிக்காமல் நான் ஒருத்தியே எல்லாவற்றுக்கும் போய், கடைசியில் அவர் சாட்சி சொன்னபோது கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

பத்து நாள் சும்மா உட்காருங்கள்

யாருக்கும் துணையாகப் போவதற்கு முன்னால், பத்து வேலை நாள் உங்கள் ஊர் மகளிர் நீதிமன்றத்திலோ நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலோ பின்வரிசையில் போய் உட்காருங்கள். குற்றவியல் நீதிமன்றம் பொதுவாகத் திறந்த நீதிமன்றம், மூடிய அறை விசாரணை என்று உத்தரவு இருந்தாலொழிய யாரும் உட்காரலாம். போனை அணைத்துவிடுங்கள், நீதிபதி வரும்போது எழுந்து நில்லுங்கள், கால்மேல் கால் போடாதீர்கள். யாராவது "நீங்க எந்தக் கேஸ்?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு நாள் ஒன்றுமே புரியாது. டவாலி பெயரைக் கூப்பிடுவார், யாரோ ஓடி வந்து நிற்பார்கள், அரை நிமிடத்தில் ஏதோ தேதி சொல்வார்கள், போய்விடுவார்கள். மூன்றாவது நாளில் பெஞ்ச் கிளார்க் யார், உதவி அரசு வழக்கறிஞர் (எல்லோரும் ஏ.பி.பி. என்றுதான் சொல்வார்கள்) யார், கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு திரியும் கோர்ட் டூட்டி போலீஸ் யார் என்று பிடிபடும். இந்த மூன்று பேரும் உங்களுக்கு அடிக்கடி தேவைப்படுவார்கள். நான் அடுத்த வாய்தா தேதியை நீதிபதி வாயால் தெளிவாகக் கேட்டதைவிட கோர்ட் டூட்டி போலீஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

ஐந்தாவது நாளுக்கு மேல் குறுக்கு விசாரணைகளைக் கவனியுங்கள். திருட்டு வழக்கோ செக் மோசடியோ, எதுவானாலும் பரவாயில்லை. கேள்வி எப்படி வருகிறது, சாட்சி சொன்னது எப்படித் தட்டச்சாகிறது என்று காது கொடுங்கள். இதை விரிவாகப் பின்னால் சொல்கிறேன்.

சட்டத்தில் உங்களுக்கு வேண்டிய அளவு

இரண்டு தண்டவாளம் இருக்கிறது, பெரும்பாலான பெண்களுக்கு இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். முதல் வேலையே பிரித்துச் சொல்வதுதான்.

ஒன்று குற்ற வழக்கு. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமை 1983 முதல் இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா 85. தண்டனை மூன்று ஆண்டு வரை. இப்போது விசாரணைக்கு வரும் பழைய வழக்குகளில் இன்னும் 498ஏ-தான் இருக்கும், கூடவே 294(பி), 323, 506 (ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது) என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். வரதட்சணை கேட்டிருந்தால் 1961 வரதட்சணைத் தடைச் சட்டமும் சேரும். இந்த வழக்கை நடத்துவது அரசு. அந்தப் பெண் இதில் முதல் சாட்சி, அவ்வளவுதான். இதைக் கேட்டதும் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். "என் கேஸ்தானே, நான் ஏன் சாட்சி?" என்பார்கள். ஏ.பி.பி. அரசின் வக்கீல், அவருடைய வக்கீல் இல்லை என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். தனக்கென்று ஒரு வக்கீலை வைத்து, கோர்ட்டின் அனுமதியோடு அரசுத் தரப்புக்கு உதவச் சொல்லலாம். அதற்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். 1987 சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 15100 அழைத்தாலும் வழி சொல்வார்கள். வக்கீல் இருந்தால் இன்னொரு லாபம்: குற்றப்பத்திரிகை நகல்கள் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, கிடைப்பது போல அந்தப் பெண்ணின் வக்கீலுக்கும் கிடைக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சொல்கிறது.

இரண்டாவது தண்டவாளம் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்தது. எல்லோரும் டி.வி. கேஸ் என்பார்கள். இதில் யாரையும் ஜெயிலில் போடுவது நோக்கமில்லை. பக்கத்தில் வராதே, வீட்டைவிட்டு வெளியே தள்ளாதே, மாதம் இவ்வளவு கொடு, குழந்தை யாரிடம், இதற்கெல்லாம் உத்தரவு வாங்குவது. மாவட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாகப் போகலாம், நேரடியாகவும் மனு போடலாம். 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்த 60 நாளை நம்பி வீட்டு வாடகைக்குத் திட்டம் போடாதீர்கள், இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு உத்தரவு கையில் வந்த பிறகு அதை மீறினால் மட்டும் அது குற்றம்: ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், ஜாமீனில் விட முடியாத பிரிவு. அந்த உத்தரவின் நகலை அவர் எப்போதும் கைப்பையில் வைத்திருக்கட்டும், போனில் படமாகவும்.

இந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். நீதித்துறை நடுவர் தமக்கு உதவ ஒருவரை, முடிந்தால் பெண்ணை, அழைத்துக்கொள்ளலாம் என்கிறது. "நீ யார், இங்கே என்ன வேலை?" என்று எந்த மூலையிலாவது கேட்டால், உங்களைப் போன்றவர்களைச் சட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறது என்றாவது காட்டலாம். உங்கள் அமைப்பு இந்தச் சட்டத்தின்கீழ் சேவை வழங்குநராகப் பதிவு செய்திருந்தால் இன்னும் நல்லது.

ஸ்டேஷன்

1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. இன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. அங்கே போனதும் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) போடுவார்கள், இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். சில பெண்களுக்கு அந்தப் பேச்சே போதுமானதாக இருக்கும். சிலருக்கு அதுவே ஆபத்து, ஏனென்றால் "ஸ்டேஷன்ல என்னை அசிங்கப்படுத்திட்ட" என்று அன்று ராத்திரி தனி அடி விழும். எனவே பேச்சுவார்த்தைக்கு அவருக்குச் சம்மதமா என்று நீங்கள் தனியாகக் கேளுங்கள், அவர் அம்மா முன்னாலோ அண்ணன் முன்னாலோ கேட்காதீர்கள்.

கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூடவே, கணவன் மனைவி தகராறுகளில் முதலில் ஒரு பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்றும் சொல்லியிருக்கிறது. புதிய சட்டத்தில் அதற்கு 14 நாள் கணக்கு, டி.எஸ்.பி. அனுமதி வேண்டும். சி.எஸ்.ஆர். தேதியிலிருந்து நாட்களை எண்ணுங்கள். நகர்வே இல்லையென்றால் எஸ்.பி.க்குத் தபாலில் மனு, அதற்கும் பதில் இல்லையென்றால் நடுவர் நீதிமன்றத்தில் மனு. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்க வேண்டும். புகுந்த வீடு கோயம்புத்தூரில், அம்மா வீடு தென்காசியில் என்றால், அடித்து விரட்டப்பட்டு வந்து தங்கியிருக்கும் இடத்திலேயே வழக்கு நடத்தலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்திருக்கிறது. "அந்த ஊருக்கே போங்க" என்று திருப்பி அனுப்பினால் மரியாதையாக இதைச் சொல்லுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்ட மறுநாள் கணவன் கைதாகிவிடுவான் என்று அவரும் நம்புவார், அவர் வீட்டாரும் நம்புவார்கள். அப்படி இல்லை. ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் பெரும்பாலும் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதுதான் முறை. 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இது இன்னும் இறுகிவிட்டது. அவன் அதே தெருவில் டீ குடித்துக்கொண்டு நிற்பான். இதை முன்னாலேயே சொல்லாவிட்டால், "போலீஸ் விலை போயிடுச்சு" என்று முடிவு கட்டி அந்தப் பெண் பாதியில் விட்டுவிடுவார். எஃப்.ஐ.ஆர். போட்ட அடுத்த சில வாரங்கள்தான் உயிருக்கே அதிகப் பயம் உள்ள காலம் என்பது என் அனுபவம். எங்கே தூங்குகிறார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் யார் விடுகிறார்கள், சிம் கார்டு யார் பெயரில் இருக்கிறது, போனில் அவன் கூகுள் கணக்கு இருக்கிறதா, எல்லாம் பேசிவிடுங்கள். 181 (பெண்கள் உதவி எண்), 112 (அவசர உதவி) இரண்டும் மனப்பாடமாகத் தெரியட்டும். மாவட்டத்தில் சகி ஒன் ஸ்டாப் சென்டர் (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒரே இடத்தில் உதவி தரும் அரசு மையம்) எங்கே இருக்கிறது என்று ஒருமுறை நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மஞ்சள் பை

எங்களிடம் வரும் பெண்களில் பாதிப் பேர் எல்லாக் காகிதத்தையும் கல்யாண மஞ்சள் பையில் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். ரேஷன் கார்டு, நகைக் கடை ரசீது, பிள்ளை தடுப்பூசி அட்டை, எல்லாம் அதற்குள். நிதானமாக உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்குங்கள். மூலம் அவரிடம், நகல் வக்கீலிடம், இன்னொரு நகல் அவர் நம்பும் வேறு வீட்டில்.

அதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஏ.ஆர். காப்பி. அரசு ஆஸ்பத்திரியில் அடிபட்டுப் போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள்: எப்போது, எங்கே, யார், எதனால். டாக்டர் கேட்கும்போது மாமியார் பக்கத்தில் நிற்பார், இந்தப் பெண் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்பார். அது அப்படியே பதிவாகும். மூன்று வருடம் கழித்து குறுக்கு விசாரணையில் முதலில் எடுப்பது அந்தத் தாளைத்தான். ஏற்கெனவே அப்படி எழுதியாகிவிட்டதா? அதை மாற்ற முடியாது, மறைக்கவும் கூடாது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு அவரிடம் உண்மையான பதில் இருக்கும், அதை வக்கீலிடமும் ஏ.பி.பி.யிடமும் முன்னதாகச் சொல்லச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் மிரட்டல், ஆடியோ எல்லாம் இருந்தால் அந்தப் போனையே பத்திரமாக வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பழைய போனைக் கடையில் எக்ஸ்சேஞ்ச் போட்டுவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் கொடுக்கத் தனிச் சான்றிதழ் வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். போனை விற்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

காத்திருப்பு

குற்றப்பத்திரிகை தாக்கலாகி, எதிரிகள் ஆஜராகி, குற்றச்சாட்டு வனைந்து (கோர்ட் அதை முறைப்படி பதிந்து), சாட்சி விசாரணை வரும்வரை வருடக்கணக்கில் ஆகலாம். புலன் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் போய்க் கேளுங்கள். வழக்கு நம்பர் ஆனதும் டி.என். என்று தொடங்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (அந்த வழக்குக்கு மட்டுமான அடையாள எண்) குறித்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதி பார்க்கலாம். எல்லா வாய்தாவுக்கும் அவர் வர வேண்டியதில்லை, சம்மன் வந்தால்தான் வர வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுக் கூலியை இழந்து வந்து நிற்கிற பெண்களுக்கு இதை யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தக் காலத்தில் மாதம் ஒரு போன் செய்யுங்கள், புதுச் செய்தி இல்லாவிட்டாலும். "ஒண்ணும் இல்லம்மா, அடுத்த மாசம் பதினாலு, அதான் சொல்லலாம்னு" என்று சொன்னால் போதும். அவர் போன் அவன் கையில் சிக்கினாலும் பரவாயில்லாத பெயரில் உங்களைச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். என் நம்பர் ஒரு வீட்டில் "பிளவுஸ் தைக்கிற அக்கா."

சாட்சி சொல்லும் நாள்

இதற்குத்தான் இத்தனை பாடும். முந்தின வாரமே அவரைக் கூட்டிப்போய்க் காலியான கோர்ட் அறையைக் காட்டுங்கள். கூண்டு எங்கே, நீதிபதி எங்கே, அவன் எங்கே நிற்பான், இடையில் எத்தனை அடி தூரம். பெரும்பாலான பெண்கள் அந்த தூரத்தைப் பார்த்ததும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். அவன் முகத்தைப் பார்க்காமல் நீதிபதியைப் பார்த்தே பேசலாம் என்று சொல்லுங்கள். ரொம்பப் பயமாக இருந்தால் திரை வைக்கவோ, நலிந்த சாட்சிகளுக்கான தனி அறை இருந்தால் அங்கே விசாரிக்கவோ ஏ.பி.பி. மூலம் முன்னதாகவே கேட்கலாம். "பொய் சாட்சி சொல்லு, இல்லேன்னா…" என்று யாராவது மிரட்டியிருந்தால் அதுவே தனிக் குற்றம், தண்டனை ஏழு ஆண்டு வரை. அதைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவர் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரக் கூடாது. தேதி மறந்துவிட்டது என்றால் "மார்ச்சுன்னு சொல்லிடுங்க" என்று எடுத்துக்கொடுக்கக் கூடாது. சாட்சிக்குப் பாடம் நடத்தினார்கள் என்று தெரிந்தால் முழு வழக்கும் படுத்துவிடும், அதைவிட முக்கியமாக அது தப்பு. அவர் எழுதிக் கொடுத்த புகாரை அவரே படித்துப் பார்க்கலாம். ஏ.பி.பி.யோடு காலையில் பத்து நிமிடம் பேசலாம், அந்தப் பத்து நிமிடத்தைப் பிடித்துக் கொடுப்பது உங்கள் சாமர்த்தியம்.

ஆனால் கோர்ட் மொழியைச் சொல்லித்தரலாம். நம் கோர்ட்டுகளில் குறுக்கு விசாரணைக் கேள்வி ஒரு தினுசாக வரும்: "சம்பவம் நடந்ததாகச் சொல்லும் தேதியில் நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தீர்கள் என்று சொன்னால் சரிதானே?" இந்தப் பெண் உண்மையைத்தான் சொல்வார்: "ஆமா சார், அடிச்ச பிறகு சாயங்காலம் அம்மா வீட்டுக்குத்தான் போனேன்." "ஆமா" என்றதுமே அடுத்த கேள்வி வந்து விழும். வாக்குமூலத்தில் ஏறுவது: "அன்றைய தேதியில் நான் என் அம்மா வீட்டிற்குச் சென்றிருந்தேன் என்றால் சரிதான்." அடித்ததும் சாயங்காலமும் காணாமல் போயிருக்கும். பொய் எதுவும் எழுதவில்லை, உண்மையில் பாதி ஏறவில்லை.

இதற்கு நாங்கள் செய்யும் பயிற்சி: அவர் வழக்கைத் தொடவே மாட்டோம். சைக்கிள் தொலைந்துபோன ஒரு கற்பனைக் கதை வைத்திருக்கிறோம். ஒருவர் வக்கீலாக நின்று, "பூட்டாமல் விட்டுவிட்டுக் கடைக்குள் போனீர்கள் என்றால் சரிதானே?" என்று அதட்டுவார். கேள்வியை முழுக்கக் கேட்பது, ஒரு கேள்விக்குள் இரண்டு விஷயம் இருந்தால் பிரித்துச் சொல்வது, புரியாவிட்டால் "மறுபடி கேளுங்க சார்" என்பது, ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்பது, பதிலை முடிக்க விடாவிட்டால் நீதிபதியைப் பார்த்து "ஐயா, நான் முடிச்சுக்கிறேன்" என்பது, இதெல்லாம் சைக்கிளை வைத்தே வந்துவிடும். கடைசியில் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டும்போது தவறு இருந்தால் அங்கேயே, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், சொல்ல வேண்டும். எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள், "போடும்மா, போடும்மா" என்பார்கள். அவர் அவசரப்பட வேண்டியதில்லை.

நடத்தையைப் பற்றி அசிங்கமான கேள்வி வரும். வரும் என்பதைச் சொல்லிவைத்துவிடுங்கள். அவமானப்படுத்த மட்டுமே கேட்கிற கேள்வியைத் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு, ஏ.பி.பி. எழுந்து ஆட்சேபிக்கலாம். உங்களால் முடியாது. பின்வரிசையில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஆரம்ப காலத்தில் ஒருமுறை, அவர் சரியாகப் பதில் சொன்ன சந்தோஷத்தில் என்னையறியாமல் தலையாட்டிவிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் திரும்பிப் பார்த்து, "ஐயா, பின்னால் இருந்து சாட்சிக்குச் சைகை காட்டுகிறார்கள்" என்றார். நீதிபதி என்னை வெளியே அனுப்பினார். மிச்ச ஒன்றரை மணி நேரத்தை அந்தப் பெண் தனியாகக் கடந்தார்.

அன்றைய கைப்பையில் இருக்க வேண்டியது: தண்ணீர், பிஸ்கட், நாப்கின், சம்மன் தாள், ஆதார் நகல், சில்லறை, போன் சார்ஜர். குழந்தையை விட்டுவர இடம். வருவதும் போவதும் அவர்கள் எதிர்பார்க்காத நேரத்தில், முடிந்தால் வேறு வாசல் வழியாக. சாட்சிப்படி உண்டு, கேட்டு வாங்குங்கள். முடிந்ததும் "நல்லாச் சொன்னீங்க", "அதை ஏன் சொல்லல?" இரண்டுமே வேண்டாம். டீ வாங்கிக் கொடுங்கள். சிலர் அழுவார்கள், சிலர் சம்பந்தமே இல்லாமல் புடவை விலை பேசுவார்கள். பேசட்டும்.

"சமாதானமாப் போயிடுறேன் அக்கா"

பாதி வழக்குகளில் ஒருநாள் இது வரும். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அவன் திருந்திவிட்டதாகச் சொல்கிறான், அல்லது வெறுமனே அலுத்துப்போய்விட்டது. உங்களுக்குக் கோபம் வரும், இத்தனை நாள் ஓடினோமே என்று. அதை வேறு எங்காவது போய்க் கொட்டுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: யாராவது மிரட்டினார்களா, பேசிய பணமோ வீடோ கையில் எழுத்தாக வந்ததா. தமிழ்நாட்டில் 498ஏ-வைக் கீழ்க் கோர்ட்டில் ராஜியாக முடித்துக்கொள்ள முடியாது, சென்னையிலோ மதுரையிலோ உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும். குறுக்குவழியாகக் கூண்டில் ஏறி "அப்படி எதுவும் நடக்கல" என்று பிறழ் சாட்சியம் சொல்லச் சொல்வார்கள். முன்பு சத்தியப் பிரமாணத்தில் ஒன்று சொல்லி இப்போது இன்னொன்று சொன்னால் பொய் சாட்சி என்ற சிக்கல் அவர் தலையில் விழலாம் என்பதை அவருடைய வக்கீல் வாயால் கேட்க வையுங்கள். அதற்குப் பிறகும் போகிறேன் என்றால் போகட்டும். உங்கள் நம்பரை மட்டும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திரும்பி வருபவர்கள் உண்டு, திட்டாமல் அனுப்பியவர்களிடம்தான் வருவார்கள்.

தீர்ப்பு

தண்டனை என்று வந்தாலும் அன்றே ஜெயில் என்று நினைக்க வேண்டாம். மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை நிறுத்தி வைப்பது சாதாரணம், நன்னடத்தை நிபந்தனையில் விடுவதும் உண்டு. விடுதலை என்று வந்தால் பாதிக்கப்பட்டவருக்கே மேல்முறையீடு செய்யும் உரிமை இருக்கிறது, அதற்கு நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும், ஆகவே அந்த வாரமே வக்கீலைப் பார்க்க வேண்டும். குற்ற வழக்கில் விடுதலையானதாலேயே டி.வி. கேஸில் வாங்கிய பாதுகாப்பு உத்தரவு தானாகப் போய்விடாது. அவன் வாசலில் வந்து "தீர்ப்பே வந்துடுச்சு, அந்தப் பேப்பர் எல்லாம் செல்லாது" என்பான். செல்லும்.

தீர்ப்பு அன்று அவர் ஊரில் பட்டாசு வெடிக்க வாய்ப்பு உண்டு, எந்தப் பக்கத்திலிருந்தும். அன்று ராத்திரி எங்கே தங்குவது என்பதைத் தீர்ப்புக்கு முந்தின நாளே முடிவு செய்யுங்கள். மறுநாள் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்குங்கள். ஒன்று மஞ்சள் பைக்கு, ஒன்று வக்கீலுக்கு. பத்திரமாக இருக்கட்டும் என்று ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துவிடுவார்கள், செய்ய விடாதீர்கள். அப்பீலுக்கு அந்த முத்திரையோடு அப்படியே கொடுக்க வேண்டியிருக்கும்.